வெலோவின் தெருவில் ஒரு மணி நேரம்

கரீபியனில் உள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப்புக்குப் பயணக் குழு அழைத்துச் செல்லும் தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

வரும் பயணத்துக்கு நீங்கள் அச்சடித்த நிகழ்ச்சி நிரலை ஒரு நண்பர் எனக்கு அனுப்பிவைத்தார். கபெஸ்டேரில் சாங்ஷி கோயில், சூஃப்ரியேர் எரிமலை, கடற்கரை, வம்சாவளித் தமிழர் வீட்டில் விருந்து. எல்லாம் பார்க்க வேண்டியவைதான். நான்காம் நாள் சனிக்கிழமை. அன்றைக்கு 'புவாந்த்தாபீத்ர் நகரம், கடைகளுக்கு இரண்டு மணி நேரம்' என்று ஒரே வரி. அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு மணியை என்னிடம் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன். தனியே ஒரு சங்கத்துக்கு எழுதாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், இதே வரியை மூன்று வெவ்வேறு சங்கங்களின் நிரலில் நான் பார்த்துவிட்டேன்.

அந்தக் கடைவீதிக்குள் வண்டிகள் போகக் கூடாது. கவிஞர் சேன்-ஜான் பேர்சின் பெயர் வைத்த தெரு. நடந்து போனால் ஓரத்தில் ஒரு சிலை: மேளத்தோடு ஒரு மனிதர். அரசியல்வாதியோ தளபதியோ இல்லை, மேளக்காரர். பெயர் மார்செல் லோலியா. ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது, 'வெலோ' என்றால் குழந்தைக்கும் தெரியும். பிரெஞ்சில் அதற்கு சைக்கிள் என்று பொருள். 1931 டிசம்பர் 7 அன்று பிறந்து 1984 ஜூன் 5 அன்று அதே நகரில் இறந்தார். ஐம்பத்திரண்டு வயது. கரீபியனில் ஒரு மேளக்காரரின் வாழ்க்கை எப்படிப் போகும் என்று என்னைக் கேட்டால் இவரைத்தான் காட்டுவேன்.

அவர் வாசித்தது 'கா'. அந்த இசைக்கும் ஆட்டத்துக்கும் சேர்த்து குவோகா என்று பெயர். உப்பிட்ட இறைச்சி கப்பலில் வந்த பீப்பாய்களின் வாயில் ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டி, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் உண்டாக்கிய மேளம் அது. அந்தப் பீப்பாய்க்கு பிரெஞ்சில் இருந்த பெயர்தான் தேய்ந்து 'கா' ஆனது என்பார்கள். அது ஆப்பிரிக்கச் சொல் என்பாரும் உண்டு. இதில் இரண்டு வகை. 'பூலா' என்பது பெரியது. அதைத் தரையில் படுக்கவைத்து அதன் மேலேயே குதிரையில் உட்காருவது போல உட்கார்ந்து கையால் வாசிப்பார்கள். அதற்குக் கிடாத் தோல். 'மக்கே' சிறியது, நிமிர்த்தி வைத்து வாசிப்பது. அதற்குப் பெட்டையாட்டுத் தோல். பெட்டைத் தோல் மெல்லிசு, சத்தம் கூர்மையாக வரும். இரண்டு பூலா ஒரே தாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, ஒரே ஒரு மக்கே அதன் மேல் பேசும். வெலோ மக்கே வாசிப்பவர்.

பேசும் என்று சும்மா சொல்லவில்லை. சுற்றி நிற்கும் கூட்டத்தின் நடுவே ஆடுபவர் வருவார், மேளத்துக்கு முன்னால் நிற்பார். அதற்கப்புறம் மக்கே வாசிக்கிறவரின் கண் ஆடுபவரின் காலைவிட்டு நகராது. கால் போன இடத்துக்குக் கை போக வேண்டும். ஆடுபவர் தள்ளாடுவது போல் ஏமாற்றி, விழப்போகிறார் என்று நினைக்கும்போது நிமிர்ந்து, சட்டென்று ஓர் அடியில் நிறுத்துவார். அந்த நிறுத்தத்தில் மேளமும் சேர்ந்து விழ வேண்டும். ஒரு நொடி பிந்தினால் கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். நம் ஊரில் சிலம்பம் சுற்றுகிறவரின் கம்பைப் பார்த்து அடிக்கிற மேளக்காரரைப் பார்த்திருப்பீர்களே, அந்த வேலை. வெலோவின் கை ஒருபோதும் பிந்தாது என்று அவரைக் கேட்டவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

எனக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் ஒரு குவாதலூப்காரர். நான் புதுச்சேரியிலிருந்து வந்து பாரிஸ் புறநகரில் ஒரு மருத்துவமனையில் இரவுப் பணி பார்த்தேன். அவரும் அங்கேதான். குடும்பப் பெயரைச் சொன்னதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன், அத்தனை தெளிவான தமிழ்ப் பெயர். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை வராது. என்னைவிட மூத்தவர், முதல் வாரத்திலேயே அண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்தேன். அதன் அர்த்தத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்றிலிருந்து அவர் என்னை 'தம்பி' என்றார். அந்த உச்சரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

விடியற்காலை மூன்று மணிக்கு ஓய்வறையில் யாரும் இருக்க மாட்டார்கள். அழுக்குத் துணி போடும் பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, பூலா அடி சொல்லிக்கொடுத்தார். கனமாக ஓர் அடி, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஓடிவரும் சின்ன அடிகள். ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது. இவ்வளவுதானா என்று கேட்டேன். "இதையே ஒரு மணி நேரம் அடி" என்றார். பத்து நிமிடம் ஆவதற்குள் கை அரித்தது. ஓரமாக ஒரு சின்ன உருட்டல் சேர்த்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "நீ மாற்றினால் அங்கே ஆடுகிறவள் விழுவாள், தம்பி. பூலா தரை. தரை ஆடக் கூடாது." புதுச்சேரியில் சின்ன வயதில் தவில் கற்கப் போய்ப் பாதியில் விட்டவன் நான். தாளம் என்றால் என்ன என்று அந்தப் பிளாஸ்டிக் கூடையில்தான் எனக்குப் புரிந்தது.

அண்ணன் பிறந்தது 1974இல், புவாந்த்தாபீத்ரில். வெலோவை அவர் பார்த்திருக்கிறார். சனிக்கிழமை காலையில் அம்மாவோடு சந்தைக்குப் போகும்போது அந்தக் கடைவீதியில் மேளச் சத்தம் கேட்கும். பையன் நின்றுவிடுவான். அம்மா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போய்விடுவார். "அதெல்லாம் நமக்கு வேண்டாம்" என்பார். அந்தத் தாயைக் குறை சொல்லவில்லை. அவர் தலைமுறையில் கா இசைக்கு வழக்கில் இருந்த பெயரே 'கிழட்டுக் கறுப்பர்களின் சங்கதி' என்பதுதான். தீவின் பேச்சுமொழியான கிரியோலைப் பேசினால் பள்ளியில் அடி. மேளம் தொட்டால் வீட்டில் அடி. பிள்ளை முன்னேற வேண்டுமென்றால் பிரெஞ்சு பேச வேண்டும், மேளத்தின் பக்கம் போகக் கூடாது. நம் ஊரில் பறையைத் தொட்டதற்கு வீட்டில் அடி வாங்கிய எத்தனை பேர் உங்கள் சங்கத்திலேயே இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த அவமதிப்புக்கு வேர் ஆழம். 1685இல் பிரெஞ்சு அரசன் போட்ட 'கறுப்புச் சட்டம்' வெவ்வேறு முதலாளிகளின் அடிமைகள் ஒன்றுகூடுவதையே தடைசெய்தது, இரவானாலும் பகலானாலும், கல்யாணம் என்ற பெயரில் கூடினாலும். கூட்டம் சேர்ந்தால் கலகம் வரும் என்ற பயம். மேளம் கூட்டத்தைச் சேர்க்கும். 1848இல் அடிமைமுறை ஒழிந்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. மாதா கோயிலும் பள்ளிக்கூடமும் அதைக் கையில் எடுத்துக்கொண்டன. ஆனாலும் கரும்புத் தோட்டங்களில், சம்பளம் போட்ட சனிக்கிழமை இரவுகளில், மேளம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் கூட்டத்துக்கு 'லேவோஸ்' என்று பெயர். மரவள்ளி துருவும் வேலைக்கு ஒரு தாளம், துக்கத்துக்கு ஒரு தாளம், கொண்டாட்டத்துக்கு ஒரு தாளம் என்று மொத்தம் ஏழு சொல்வார்கள். சாவு வீட்டில் மட்டும் வழக்கமாக மேளம் கிடையாது. வாசலில் நின்று தொண்டையாலேயே தாளம் போடுவார்கள். கைதட்டலும் தொண்டை ஒலியும் சேர்ந்து வரும் அந்தச் சத்தத்தை அண்ணன் ஒருமுறை ஓய்வறையில் செய்துகாட்டியபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

நம் ஆட்கள் வந்த கதையும் இங்கேதான் தொடங்குகிறது. விடுதலை பெற்றவர்கள் தோட்டத்துக்குத் திரும்ப மறுத்ததும், கூலியைக் கீழே பிடித்துவைக்க வேறு ஆட்கள் தேவைப்பட்டார்கள். 'ஒரேலி' கப்பல் 1853இல் பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான மார்த்தினிக்கிலும், 1854 டிசம்பரில் குவாதலூப்பிலும் நம்மவர்களை இறக்கியது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஏற்றப்பட்டவர்கள் நிறையப் பேர். 1889 வரை குவாதலூப்புக்கு மட்டும் 40,000 பேருக்கு மேல் கொண்டுபோனார்கள். அடிமைகள் விட்டுப்போன அதே குடிசை வரிசைகளில் இவர்களைத் தங்கவைத்தார்கள். நம்மைக் கொண்டுவந்ததே அவர்களுடைய கூலியை உடைக்கத்தான் என்பதால் இரு தரப்புக்கும் ஆரம்பத்தில் ஆகவில்லை. உங்கள் பயணக் கையேட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அதைச் சொல்லாமல் அந்தத் தீவை யாருக்கும் காட்ட முடியாது என்பது என் எண்ணம். ஒரே தோட்டத்தில் ஒரு பக்கம் கா கேட்டது. இன்னொரு பக்கம், மாரியம்மனுக்கும் மதுரைவீரனுக்கும் படையல் போட்ட இடத்தில், தப்பு மேளம் கேட்டது. அங்கே மாரியம்மன் 'மாலியேமேன்' ஆனாள், மதுரைவீரன் 'மால்தேவிலேன்' ஆனான், மத்தளம் 'மத்தலோன்' ஆனது. தப்பு மட்டும் பெரிதாக மாறாமல் 'தப்பு' என்றே இருக்கிறது. தீயில் காய்ச்சித்தான் இன்றும் அடிக்கிறார்கள்.

வெலோவிடம் வருகிறேன். கார்னோ என்ற பெயரில் ஊரறிந்த பெரிய மேளக்காரரிடம் கற்றுக்கொண்டவர். மதாம் அதெலின் நடத்திய 'லா பிரிஸ்காந்த்' என்ற நாட்டுப்புறக் குழுவில் வாசித்தார். அன்சாலா, தோலோர், வெலோ என்று மூன்று பெயரும் சேர்ந்து போட்ட இசைத்தட்டு இன்றும் மறுபதிப்பாகக் கிடைக்கிறது. இணையத்தில் தேடினால் கேட்கலாம். பயணத்துக்கு முன் உங்கள் குழுவினருக்குப் பேருந்திலேயே போட்டுக்காட்டுங்கள். பாட்டு தொடங்கி மக்கே உள்ளே நுழையும் இடத்தைக் கவனியுங்கள். கதவைத் தட்டாமல் வீட்டுக்குள் வருகிற சொந்தக்காரர் மாதிரி வரும்.

இசைத்தட்டும் பெயரும் இருந்தும் கையில் காசில்லை. நாட்டுப்புறக் குழுவின் வண்ண உடையில் பார்க்க எல்லோருக்கும் பிடித்திருந்தது, அந்த உடையைக் கழற்றிய பிறகு அவர் எங்கே சாப்பிடுகிறார் என்று கேட்க ஆளில்லை. கடைசிக் காலத்தில் வறுமையில்தான் இருந்தார். ஒரு தேசமே தன் பெரிய கலைஞன் என்று இன்று சொல்லிக்கொள்கிறவரைப் பற்றி இதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. நாற்பது ஆண்டு கடந்த கோபம் என்றாலும் கோபம்தான்.

அவருடைய கடைசிப் பதினேழு ஆண்டுகளில் ஊர் மாறத் தொடங்கியிருந்தது. 1967 மே மாதம் புவாந்த்தாபீத்ரின் கட்டடத் தொழிலாளர்கள் இரண்டரை விழுக்காடு கூலி உயர்வு கேட்டு நின்றபோது, விக்துவார் திடலை ஒட்டிய பகுதியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அரசு எட்டுப் பேர் இறந்ததாகச் சொன்னது, அதைவிடப் பல மடங்கு என்று ஊர் சொல்கிறது. அதற்குப் பிறகு வந்த இளைஞர்கள் கேட்ட கேள்வி வேறு. நம்முடையது எது என்று கேட்டார்கள். கரும்புத் தொழிலாளர் சங்கங்களின் வேலைநிறுத்தத்தில் கா ஒலித்தது. கிதார் கலைஞர் ஜெரார் லோக்கல் பாரிசிலிருந்து ஊர் திரும்பி, குவோகாவுக்கென்று தனி இசை இலக்கணமே எழுத உட்கார்ந்தார். 'அக்கியோ' என்ற குழுவின் இளைஞர்கள் வெலோவைத் தேடிப்போனார்கள். அப்படித்தான் அந்தக் கடைவீதியில் சனிக்கிழமைக் காலைகளில் அவரைச் சுற்றி மேளம் கூடியது. நகரின் நடு மையத்தில், துணிக்கடைகளுக்கு முன்னால், பகல் வெளிச்சத்தில். தோட்டத்தின் பின்புறத்தில் இரவில் மட்டும் கேட்க வேண்டிய சத்தம் என்று வைத்திருந்ததை அங்கே கொண்டுவந்து உட்கார்த்தியதுதான் அவர்கள் செய்த பெரிய காரியம். அண்ணனின் கையை அவர் அம்மா வெடுக்கென்று இழுத்துப் போனதும் அந்தக் கூட்டத்தைத் தாண்டித்தான்.

1984 ஜூனில் வெலோ இறந்தார். உடலை விக்துவார் திடலில் வைத்தார்கள், பதினேழு ஆண்டுக்கு முன் துப்பாக்கி வெடித்த அதே இடம். ஆயிரக்கணக்கில் சனம் வந்தது. சாவுக்கு மேளம் இல்லை என்ற வழக்கம் அன்று நிற்கவில்லை. மேளக்காரனின் சாவு, கா முழங்கியது. அண்ணனுக்கு அப்போது பத்து வயது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகும் வெள்ளைச் சட்டையை எடுத்து அம்மா மாட்டிவிட்டாராம். எங்கே போகிறோம் என்று சொல்லவில்லை. திடலுக்குள் நுழைந்ததும் மகனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். பத்து வயதுப் பையன், கனம். "பார், நன்றாகப் பார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். அவர் அம்மா அழுததை அண்ணன் பார்த்தது அன்றுதான் முதல் முறை. இந்த இடத்தில் அவர் எப்போதும் கதையை நிறுத்திவிடுவார், நானும் மேலே கேட்டதில்லை.

முப்பது ஆண்டு கழித்து, 2014இல், யுனெஸ்கோ குவோகாவை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. நடுவே, 2009இல், விலைவாசிக்கு எதிராகத் தீவே 44 நாள் ஸ்தம்பித்தபோது ஊர்வலங்களுக்கு முன்னால் போனதும் இதே மேளம்தான். இன்று பள்ளிப் பிள்ளைகள் கா கற்கிறார்கள். வெலோவின் தெருவில் மேளம் நிற்கவில்லை. எல்லாம் நல்லதே. ஆனால் அந்தச் சிலையின் முன்னால் நிற்கும்போது எனக்கு ஒரே கணக்குதான் ஓடியது: இந்தச் சிலைக்கும் பீடத்துக்கும் ஆன செலவு அந்த மனிதர் உயிரோடு இருந்தபோது எத்தனை ஆண்டுச் சாப்பாடாக இருந்திருக்கும்?

இதை உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். நீங்கள் அவரைப் பட்டினி போடவில்லை. ஆனால் உங்களைப் போன்ற ஓர் அமைப்பின் மேடையில், நான் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு தப்புக் கலைஞருக்கு நடந்ததை நான் மறக்கவில்லை. எந்த ஊர், எந்த அமைப்பு என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் ஒருவரைப் பற்றிய புகாராக முடிந்துவிடும்.

அண்ணனின் தாய்மாமா கபெஸ்டேரில் தப்பு அடிப்பவர். அறுபத்தெட்டு வயது. அவர் தகப்பனார் அடித்தார், தாத்தா அடித்தார். ஒரு ஜனவரியில் மருமகனைப் பார்க்க பாரிஸ் வந்திருந்தார், தப்பைத் துணியில் சுற்றிக் கையிலேயே கொண்டுவந்திருந்தார். பொங்கல் விழாவில் வாசிக்கச் சொல்லலாமே என்று அமைப்பாளர்களிடம் ஆசையாகப் போய்ச் சொன்னவன் நான்தான். சரி என்றார்கள். மாலை நான்கு மணிக்கு வரச் சொன்னார்கள். ஒன்பது மணி வரை மேடைக்குப் பக்கத்திலுள்ள நடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

குளிர், மழை ஈரம். தோல் தொய்ந்துவிட்டது. விரலால் தட்டிப்பார்த்தார், அட்டைப்பெட்டியைத் தட்டினாற்போல் ஒரு சத்தம். வாசலுக்குப் போய் ஐந்து நிமிடம் காகிதம் கொளுத்திக் காய்ச்சிக்கொண்டு வருகிறேன் என்று சைகையால் கேட்டார். மண்டபத்தின் விதி, நெருப்பு கூடாது என்றார்கள். விதி இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். அண்ணனின் மனைவி பரதநாட்டியப் பிள்ளைகளின் அலங்கார அறைக்கு ஓடி, முடி உலர்த்தும் கருவி ஒன்றை வாங்கிவந்தார். அந்தப் பெரியவர் தன் தப்பை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கருவியின் காற்றில் தோலைச் சுற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பாதி ஏறியது. அதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள், பெயரையும் தவறாக.

நான்கு நிமிடம் அடித்தார். அடித்துக்கொண்டே பாடினார், தாத்தா பாடியபடியே. சொற்கள் தேய்ந்திருந்தன, ஆனால் அம்மனை அழைக்கிறார் என்று யாருக்கும் புரிந்திருக்கும். அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிறது என்று ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். பயணக்கூலியைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. கீழே இறங்கியதும் விழாக்குழு இளைஞர் ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், "ஐயா, அது மாலியேமேன் இல்லை, மாரியம்மன்" என்று திருத்தினார். பெரியவர் மருமகனிடம் கிரியோலில் கேட்டார், தம்பி என்ன சொல்கிறார் என்று. அண்ணன் ஒரு நொடி தயங்கிவிட்டு, "ரொம்ப நன்றாக அடித்தீர்கள் என்கிறார்" என்றார். எனக்கு கிரியோல் அந்த அளவுக்குப் புரியும். அண்ணனும் நானும் அன்று முகத்துக்கு முகம் பார்த்துக்கொள்ளவில்லை.

அந்தப் பெரியவரை அழைத்துப்போய் நிறுத்தியவன் நான். அந்தப் பழியில் பாதி என்னுடையது. மீதியைச் சுமக்க ஆள் தேடவில்லை. இனி வரப்போகிறவருக்கு இது நடக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. சனிக்கிழமை காலை கடைவீதிக்குக் குழுவை அழைத்துப்போங்கள். மேளம் கூடியிருந்தால் வட்டத்துக்கு வெளியே, முன்வரிசையை ஊர்க்காரர்களுக்கு விட்டுவிட்டு நில்லுங்கள். முதலில் பூலாவைக் கேளுங்கள், அது மாறாமல் இருப்பதைக் கேளுங்கள், அப்புறம் மக்கேயின் கையையும் ஆடுபவரின் காலையும் சேர்த்துப் பாருங்கள். கைப்பேசியைப் பத்து நிமிடம் பைக்குள் வையுங்கள். இது ஆப்பிரிக்கர்களுடையது, நமக்கென்ன என்று பேருந்தில் யாராவது கேட்டால், ஆன்றி சிதம்பரத்தின் பெயரைச் சொல்லுங்கள். கபெஸ்டேரைச் சேர்ந்த அவர் 1904இல் தொடங்கி 1923 வரை போராடித்தான் அந்தத் தீவில் நம் வம்சாவளியினருக்கு வாக்குரிமை வந்தது. அந்த உரிமையோடு இவர்கள் வாழ்வது அந்த ஊர்ச் சமூகத்தோடுதான். அங்கே பிறந்த தமிழ் வம்சாவளிப் பிள்ளைக்குக் காவும் சொந்தம், தப்பும் சொந்தம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வியை நாம் அவர்கள் வீட்டு விருந்தில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறோம். போன பயணத்தில் ஒருவர் கேட்டதாக அண்ணன் சொன்னார். தயவுசெய்து கேட்காதீர்கள்.

கபெஸ்டேருக்குப் போகும்போது கோயிலைப் படம் பிடித்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். தப்பு அடிப்பவர் யார் என்று கேளுங்கள். அவர் வீட்டுக்குப் போங்கள். வாசிக்கச் சொல்லுமுன் கூலி பேசுங்கள். பேசுவது அவமரியாதை என்று நம்மில் சிலர் நினைக்கிறார்கள். கச்சேரி வித்வானுக்கு ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்திட்டு முன்பணம் அனுப்புகிறோம், தப்புக்கு மட்டும் பொன்னாடை போதும் என்று எப்படி வந்தது? பொன்னாடையும் போர்த்துங்கள், ஆனால் உறையில் பணத்தை வைத்து அதை முதலில் கொடுங்கள். அவர் பாடும் சொற்களைத் திருத்தாதீர்கள். பதிவு செய்யுங்கள், அவர் ஒப்புக்கொண்டால். நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் எழுத்தில்லாமல், பள்ளியில்லாமல், காதிலிருந்து வாய்க்கு வந்த சொல் அது. நம்மிடம் இருக்கும் அச்சடித்த அம்மன் தாலாட்டைவிட அதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது அதிகம்.

உங்களில் சிலர் அங்குள்ள கோயில்களுக்கு நாதஸ்வரக் குழு அனுப்பவும், ஆகம முறைப்படி பூசை சொல்லிக்கொடுக்கவும் திட்டமிடுவதாகக் கேள்விப்பட்டேன். அவர்கள் கேட்டால் அனுப்புங்கள், நாதஸ்வரம் எனக்கும் உயிர்தான். ஆனால் கோயிலுக்கு நாதஸ்வரம் வந்ததும் தப்பு வெளிப்பிராகாரத்துக்குப் போகும், அப்புறம் தெருவுக்குப் போகும், அப்புறம் போய்விடும். நம் ஊரில் நடந்ததை நாம் கண்ணால் பார்த்தவர்கள். கடல் கடந்தும் உள்ளே இருந்த ஒரு வாத்தியத்தை, உதவி செய்யப்போய் நாமே வெளியே தள்ளிவிட வேண்டாம்.

அண்ணனின் மாமா இன்னும் அடிக்கிறார். வரும் பொங்கலுக்கு மறுபடி பாரிஸ் வருகிறார். இந்த மடலை எழுதும் முன் அவரிடம் தொலைபேசியில் அனுமதி கேட்டேன், அண்ணன் மொழிபெயர்த்தார். பெயர் போட வேண்டாம், மற்றதை எழுது என்றார். உங்களில் யாராவது ஒரு சங்கம் அவரை அழைக்க முன்வந்தால் நான் ஏற்பாடு செய்கிறேன். ஒரு மணி நேரம் கொடுங்கள், மாலை வெளிச்சம் இருக்கும்போதே கொடுங்கள். மண்டபத்துக்கு வெளியே வாகனம் நிறுத்தும் இடத்தில் ஓர் இரும்புத் தொட்டி வைத்து நெருப்பு மூட்ட நகரசபையிடம் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிவையுங்கள். மனு எழுதித் தருவது என் பொறுப்பு. வைக்கோலும் பழைய செய்தித்தாளும் நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
பாரிஸ் புறநகரில் வாழும் ஒரு புதுச்சேரிக்காரன்